எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், மூச்சு மட்டும் வாங்குகிறது: செனான் ஸ்கேன் பதில் தேடிய ஒரு நிகழ்வு

2020ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் ஃபெர்கஸ் கிளீசன் தலைமையிலான கதிரியல் குழு 10 பேரின் நுரையீரலை, செனான் என்ற வாயுவை மூச்சில் இழுக்கவைக்கும் புதிய எம்.ஆர்.ஐ. முறையில் படமெடுத்தது. 19 வயதுக்காரரிலிருந்து 69 வயதுக்காரர் வரை அதில் இருந்தார்கள். எல்லாருக்கும் கொரோனா வந்து போயிருந்தது. யாரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவில்லை, யாருக்கும் வெண்டிலேட்டர் தேவைப்படவில்லை. ஆனால் நோய் வந்து மூன்று மாதம் கழித்தும் 8 பேர் ஒரே குறையைச் சொன்னார்கள்: மூச்சு வாங்குகிறது, அசதி போகவே இல்லை. வழக்கமான ஸ்கேன்களில் அவர்களின் நுரையீரலில் குறிப்பிடும்படி ஒன்றும் தெரியவில்லை.

இந்த நிலைமையை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும். உடம்பு ஒன்று சொல்கிறது, ரிப்போர்ட் வேறொன்று சொல்கிறது. ரிப்போர்ட்டைப் பார்த்த வீட்டார் ‘மனசுதான் காரணம்’ என்று முடிவு கட்டுகிறார்கள். சில நேரம் மருத்துவரும் அதையே சொல்லிவிடுகிறார். அந்த 8 பேரின் செனான் படத்தில், உள்ளே போன காற்று எளிதாக ரத்தத்தில் சேராத பகுதிகள் தெரிந்தன. அது எப்படித் தெரிந்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பழைய சோதனைகள் எதைக் கேட்கின்றன?

மூச்சின் பயணத்தில் மூன்று கட்டங்கள் உண்டு. காற்று குழாய்கள் வழியாக உள்ளே போக வேண்டும். பல கோடி நுண்ணறைகளில் பரவ வேண்டும். அப்புறம் அந்த நுண்ணறைச் சுவரைக் கடந்து ரத்தத்தின் சிவப்பணுவில் ஏற வேண்டும். அந்தச் சுவர் பல இடங்களில் அரை மைக்ரான் கனம்கூட இல்லாதது. ஓய்வாக இருக்கும்போது ஒரு சிவப்பணு, சுவரை ஒட்டிய மிக மெல்லிய ரத்தக் குழாயான தந்துகியில் தங்குவது ஏறக்குறைய முக்கால் நொடி. அதற்குள் ஆக்சிஜன் அதில் ஏறியாக வேண்டும்.

ஸ்பைரோமெட்ரி முதல் கட்டத்தைப் பார்க்கிறது. முழு பலத்தோடு ஊதச் சொல்லி, முதல் நொடியில் எவ்வளவு காற்று வந்தது, மொத்தம் எவ்வளவு வந்தது என்று அளக்கிறார்கள். ஆஸ்துமாவுக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் அது இன்றுவரை அடிப்படைச் சோதனை. ஆனால் அது தருவது இரண்டு நுரையீரலுக்கும் சேர்த்து ஒரே எண். சிறு குழாய்கள் எண்ணிக்கையில் ஏராளம். அவற்றில் ஒரு பகுதி அடைபட்டாலும் மற்றவை ஈடுகட்டிவிடும், எண் அசையாது. நுரையீரல் மருத்துவர்கள் அந்தப் பகுதிக்கு வைத்திருக்கும் பெயரே ‘மௌன மண்டலம்’.

சி.டி. ஸ்கேன் உருவத்தைக் காட்டும். தழும்பு, கட்டி, நீர், உடைந்த அறைகள் எல்லாம் அதில் அழகாகத் தெரியும். ஒரு சுவர் நன்றாக வேலை செய்கிறதா என்பது தெரியாது.

கார்பன் மோனாக்சைடை மிகச் சிறு அளவில் இழுக்கச் சொல்லி, 10 நொடி மூச்சைப் பிடித்து, எவ்வளவு ரத்தத்துக்குள் போனது என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. கேள்வி சரியானதுதான். ஆனால் அதிலும் பதில் ஒரே எண். அந்த எண் குறைந்தால் சுவர் தடித்திருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம், தந்துகிகள் அழிந்திருக்கலாம், நுரையீரலே சுருங்கியிருக்கலாம். எது, எந்த இடத்தில் என்று அது சொல்லாது.

ஆக அந்த 8 பேரின் ரிப்போர்ட்டில் இருந்த ‘நார்மல்’ பொய் இல்லை. சோதனைகள் கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். ‘இந்த இடத்துக்கு வந்த காற்று, இந்த இடத்தில் சுவரைக் கடந்து சிவப்பணுவுக்குப் போகிறதா’ என்ற கேள்வியை எந்தச் சோதனையும் கேட்டிருக்கவில்லை.

எம்.ஆர்.ஐ.யில் நுரையீரல் ஏன் கருப்பாக இருக்கிறது

சாதாரண எம்.ஆர்.ஐ. உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களிடமிருந்து சமிக்ஞை வாங்குகிறது. மூளையில் நீர் நிறைய, படம் பளிச்சென்று வரும். நுரையீரலில் பெரும்பகுதி காற்று. இருக்கிற கொஞ்சம் திசுவும் கோடிக்கணக்கான காற்றறைகளுக்கு நடுவே நூலாகப் பின்னிக் கிடப்பதால், அங்கங்கே காந்தப்புலம் குலைந்து, சமிக்ஞை ஓரிரு மில்லிநொடியில் அணைந்துவிடும். போதாக்குறைக்கு இதயமும் மூச்சும் ஆடிக்கொண்டே இருக்கின்றன. படத்தில் நுரையீரல் இருக்க வேண்டிய இடம் இரண்டு கருப்புக் குழிகளாக நிற்கும்.

காற்றையே பேசவைத்துவிட்டால் என்ன என்பதுதான் இந்தத் துறையின் தொடக்க யோசனை. அதற்கு வாய்த்த வாயு செனான். வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் 1898ல் கண்டுபிடித்து, கிரேக்கத்தில் ‘அந்நியன்’ என்று பொருள்படப் பெயர் வைத்த மந்த வாயு. நாம் சுவாசிக்கும் காற்றில் அது கோடியில் ஒரு பங்குகூட முழுசாகத் தேறாது. அதில் ஏறக்குறைய கால்வாசி செனான்-129 என்ற வகை. இதில் கதிரியக்கம் இல்லை. உடம்பில் எதனோடும் வேதிவினை புரியாது. ஆனால் கொழுப்பிலும் ரத்தத்திலும் கரையும். இந்தக் கரையும் குணம்தான் இந்த நிகழ்வின் உயிர்நாடி.

சிக்கல் ஒன்று இருந்தது. காந்தத்துக்குள் சாதாரண செனானை வைத்தால், பத்து லட்சம் அணுக்கருவுக்கு ஒன்றிரண்டுதான் ஒரு பக்கமாகக் கூடுதலாகத் திரும்பி நிற்கும். வாயுவின் அடர்த்தியும் குறைவு. அந்தச் சமிக்ஞையை வைத்துப் படம் எடுக்க முடியாது.

இதற்கு விடை ஒளியிலிருந்து வந்தது. ஒளியைக் கொண்டு அணுக்களை ஒழுங்குபடுத்தும் வித்தைக்காக ஆல்ஃபிரட் காஸ்லர் 1966ல் நோபல் பரிசு பெற்றார். அதன் வழியில், ருபீடியம் ஆவியின்மேல் 795 நானோமீட்டர் அலைநீளமுள்ள, வட்டமாகச் சுழலும் லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ருபீடியத்தின் எலக்ட்ரான்கள் ஒரே பக்கம் திரும்புகின்றன. செனான் அணு வந்து மோதும்போது அந்த ஒழுங்கு அதன் அணுக்கருவுக்குக் கைமாறுகிறது. முடிவில் நூற்றுக்குப் பத்து, இருபது, அதற்கும் மேல் என்று அணுக்கருக்கள் ஒரே பக்கம் நிற்கின்றன. சமிக்ஞை பல்லாயிரம் மடங்கு கூடுகிறது. இதற்கு மிகைமுனைவாக்கம் என்று பெயர்.

1994ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலியின் உடலிலிருந்து எடுத்த நுரையீரலை இப்படிப் படம் பிடித்தார்கள். 1996ல் ஜெர்மனியின் மைன்ஸிலும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலும் மனித நுரையீரல் படங்கள் வந்தன. ஆனால் அவற்றுக்குப் பயன்பட்டது ஹீலியம்-3. அடுத்த ஆண்டு வர்ஜீனியாவில் செனானைக் கொண்டும் மனிதரில் படம் எடுத்தார்கள். ஹீலியம் படங்கள் தெளிவாக இருந்ததால் பல ஆண்டுகள் அதுவே முன்னால் நின்றது. அந்த ஹீலியம், அணு ஆயுதக் கையிருப்பிலுள்ள டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சிதைவதிலிருந்து கிடைப்பது. நியூட்ரான் உணர்கருவிகளுக்கு அது பெருமளவு தேவைப்பட்டதும், 2009 வாக்கில் கடும் தட்டுப்பாடு வந்தது. ஆய்வாளர்கள் செனான் பக்கம் திரும்பினார்கள். என் கணிப்பில், அந்தத் தட்டுப்பாடு நோயாளிகளுக்கு நல்லதைத்தான் செய்தது. ஹீலியம் ரத்தத்தில் கரைவது மிகச் சொற்பம். காற்று எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும் அது சொல்லும். சுவருக்கு அப்பால் நடப்பதைச் சொல்ல செனானால்தான் முடியும்.

பத்து நொடி

ஸ்கேன் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

மிகைமுனைவாக்கக் கருவியிலிருந்து வரும் செனான், திரவ நைட்ரஜன் குளிரில், ஒரு காந்தத்தின் நடுவே, பனிபோல் உறைந்து சேர்கிறது. போதிய அளவு சேர்ந்ததும் அதை உருக்கி வாயுவாக்கி ஒரு பிளாஸ்டிக் பையில் நிரப்புகிறார்கள். பெரியவர்களுக்கு, நைட்ரஜனும் சேர்த்து ஒரு லிட்டர் அளவு. பையில் இருக்கும்வரை அந்த ஒழுங்கு ஒரு மணி நேரமோ கூடுதலாகவோ தாங்கும். நுரையீரலுக்குள் போய்விட்டால் 20 நொடிதான். ஆக்சிஜன் மூலக்கூறின் காந்தத் தன்மை அதைக் கலைத்துவிடும். அதனால்தான் ஆக்சிஜனைப் பையிலேயே கலந்து கொடுக்க முடிவதில்லை.

நோயாளி செனானின் அதிர்வெண்ணுக்கென்று செய்த ஏற்பியைச் சட்டைபோல் மார்பில் கட்டிக்கொண்டு படுக்கிறார். மூக்கில் கிளிப், விரலில் ஆக்சிஜன் அளவி. முதலில் வேறு பையை வைத்து ஒத்திகை. அப்புறம் செனான் பையைக் கையில் ஏந்தி ஒருவர் உள்ளே வருகிறார். ‘மூச்சை நல்லா வெளிய விடுங்க. இப்ப பையிலேர்ந்து இழுங்க, இழுங்க. பிடிச்சுக்குங்க.’ இயந்திரம் தடதடக்கிறது. பத்து, பதினைந்து நொடி. ‘சரி, விடலாம். நல்லா மூச்சு எடுங்க.’ படம் எடுத்து முடிந்துவிட்டது.

கை மரத்ததுபோலவோ லேசாகத் தலை சுற்றுவதுபோலவோ சிலருக்கு இருக்கும், ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். செனான் அதிக அளவில் மயக்க மருந்து என்பதால் அது எதிர்பார்த்ததே. ஆக்சிஜன் இல்லாத ஒரு மூச்சு என்பதால் விரல் அளவியின் எண் சற்று இறங்கி ஏறும். ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்தவர்களிடம் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

படம் எடுக்கிறவருக்கு இந்தப் பத்து நொடி பெரிய சோதனை. சாதாரண எம்.ஆர்.ஐ.யில் சமிக்ஞையைச் செலவழித்தால் காந்தம் மறுபடி நிரப்பிக் கொடுக்கும். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு ரேடியோத் துடிப்பும் கையிருப்பில் கொஞ்சத்தைச் செலவழிக்கிறது, செலவானது செலவானதுதான். சிறு சிறு துடிப்பாக எண்ணிக் கொடுத்து, வாயு தீருமுன் படத்தை முடிக்க வேண்டும்.

ஒரே அணு, மூன்று குரல்

1.5 டெஸ்லா வலுவுள்ள காந்தத்தில், நுண்ணறைக்குள் வாயுவாக இருக்கும் செனான் ஏறக்குறைய 17.7 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதே அணு சுவரின் திசுவிலோ பிளாஸ்மாவிலோ கரைந்ததும், சுற்றியுள்ள மூலக்கூறுகளின் தாக்கத்தால், அதிர்வெண் பத்து லட்சத்தில் 198 பங்கு நகர்கிறது. அதாவது சுமார் 3,500 ஹெர்ட்ஸ். சிவப்பணுவுக்குள் நுழைந்து ஹீமோகுளோபின் பக்கம் போனால் இன்னும் சுமார் 350 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது. காற்று, சுவர், சிவப்பணு என்று மூன்று இடத்துக்கும் தனித்தனி அலைவரிசை. எந்த நேரத்திலும் கரைந்திருக்கும் செனான் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். ஆனால் அது கணத்துக்குக் கணம் வாயுவோடு இடம் மாறிக்கொண்டே இருப்பதால் அளக்க முடிகிறது.

சிவப்பணுவின் சமிக்ஞையை நேரப்படி வரைந்தால், அது இதயத் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்குவது தெரியும். மூச்சில் இழுத்த ஒரு வாயு, ஊசி எதுவும் இல்லாமல், தந்துகிக்குள் ரத்தம் துடிப்பதைக் காட்டுகிறது. இந்தத் துறையில் என்னை அதிகம் வியக்கவைத்தது இந்த வளைகோடுதான்.

சிவப்பணுச் சமிக்ஞையைச் சுவரின் சமிக்ஞையால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கிறது. நுரையீரல் முழுவதுக்கும் அதைக் கணக்கிடலாம், இடம் இடமாக வண்ணப் படமாகவும் போடலாம். நுரையீரல் தழும்பு நோயில் சுவர்ச் சமிக்ஞை ஏறி, சிவப்பணுச் சமிக்ஞை இறங்கும். நுண்ணறைகள் உடைந்து போகும் எம்ஃபிஸீமாவில் இரண்டுமே இறங்கும். நோய்க்கு நோய் இந்தச் சாயல் மாறுவதை டியூக்கில் பாஸ்டியான் டிரீஹைஸின் குழு விரிவாகக் காட்டியது. 1994ல் எலி நுரையீரலைப் படம்பிடித்த கட்டுரையில் மாணவராக இருந்தவர் அவர்.

கண்டது என்ன

ஆக்ஸ்ஃபோர்டு குழு பயன்படுத்தியது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பேராசிரியர் ஜிம் வைல்டின் குழு வளர்த்தெடுத்த முறை. முதல் 10 பேரில் மூச்சு வாங்குகிறது என்று சொன்ன 8 பேரிடமும் கோளாறு தெரிந்தது. 2021ல் ரேடியாலஜி இதழில் வந்த முதற்கட்ட அறிக்கை, கொரோனா நிமோனியாவிலிருந்து மீண்ட 9 பேரை ஆரோக்கியமான 5 பேரோடு ஒப்பிட்டது. மீண்டவர்களிடம் சிவப்பணு விகிதம் குறைவாக இருந்தது.

சீனாவின் ஊஹானில் சின் ஷோவின் குழு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களிடம் இதேபோன்ற வாயுப் பரிமாற்றக் குறையைக் கண்டு 2020 நவம்பரிலேயே சயன்ஸ் அட்வான்ஸஸ் இதழில் எழுதியிருந்தது. இரு நாடுகளில் இரு குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே திசையைக் காட்டியது முக்கியம்.

ஆனால் இந்த நிகழ்வில் எடை கூடிய பகுதி, ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் அடுத்த ஆய்வாக, 2022ல் வந்தது. மொத்தம் 36 பேர். 11 பேர் மருத்துவமனையில் சேராமலே நோயைக் கடந்து, பிறகும் மூச்சுத் திணறலோடு இருந்தவர்கள். 12 பேர் மருத்துவமனையில் சேர்ந்து மீண்டவர்கள். 13 பேர் ஆரோக்கியமானவர்கள். வீட்டிலேயே இருந்து மீண்ட அந்த 11 பேரின் சி.டி. படத்தில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை. செனான் விகிதமோ இரண்டு நோயாளிக் குழுவிலும், ஆரோக்கியமானவர்களைவிடக் குறைவு. சளி காய்ச்சல்போல் வந்து போனது என்று நினைத்தவர்களின் நுரையீரலிலும் ஏதோ மாறியிருந்தது.

எவ்வளவு நம்பலாம்?

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். எண்ணிக்கை சிறியது. அதைவிடப் பெரிய குறை, இவர்களில் யாருக்கும் கொரோனாவுக்கு முன்பு எடுத்த செனான் படம் கிடையாது. விகிதம் முன்பே குறைவாக இருந்ததா, நோய்தான் குறைத்ததா என்று ஒரு தனி ஆளை வைத்துச் சொல்ல வழியில்லை. குழுவாக ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

அந்த விகிதம் நோயால் மட்டும் மாறுவதும் இல்லை. வயது கூடக் கூட இறங்குகிறது. ஹீமோகுளோபின் குறைந்தால் சிவப்பணுச் சமிக்ஞை குறையும், நுரையீரலில் கோளாறு இல்லாவிட்டாலும். மூச்சை எவ்வளவு நிரப்பிப் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்தும் எண் நகரும். ஒத்திகையும் பை அளவும் முக்கியமாவது இதனால்தான்.

விகிதம் குறைந்தது ஏன் என்பதும் முடிவாகவில்லை. சுவர் சற்றுத் தடித்திருக்கலாம். தந்துகிகளில் நுண்ணிய ரத்தக் கட்டிகளால் ரத்தம் வருவது குறைந்திருக்கலாம். இரண்டும் கலந்திருக்கலாம். படத்தில் கண்ட குறைதான் அந்த நபரின் மூச்சுத் திணறலுக்குக் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. நீண்டநாள் கொரோனாவில் தசைச் சோர்வு, மூச்சுவிடும் முறையே குலைவது எனப் பல காரணங்கள் கூடவே நிற்கின்றன. ‘கொரோனா நுரையீரலை நிரந்தரமாகக் கெடுத்துவிட்டது’ என்று இந்த ஆய்வுகளை வைத்துப் பரப்பப்பட்ட செய்திகளை நான் ஏற்கவில்லை. ஷெஃபீல்டில் மருத்துவமனையிலிருந்து மீண்டவர்களைப் பல மாதங்கள் பின்தொடர்ந்தபோது, சிலரின் வாயுப் பரிமாற்றம் மெல்ல முன்னேறியது. நோயாளியிடம் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவு தயக்கத்துக்குப் பிறகும் ஒன்றைத் தயங்காமல் சொல்வேன். மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் சொல்லும்போது, ஸ்பைரோமெட்ரியும் சி.டி.யும் சரியாக இருப்பதை வைத்து ‘நுரையீரலில் ஒன்றுமில்லை’ என்று எழுதுவது அளவுக்கு மீறிய முடிவு. ‘இந்தச் சோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை’ என்று எழுதினால் போதும், அதுதான் உண்மை.

இப்போது எங்கே நிற்கிறது

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரில் செனான்-129க்கு ஒப்புதல் தர மறுத்து, 2022 டிசம்பர் 23 அன்று கொடுத்தது. அப்போது அது 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. ஆனால் அந்த ஒப்புதல் காற்று பரவுவதைப் பார்ப்பதற்குத்தான், அதாவது பயணத்தின் முதல் பாதிக்கு. காற்றே போகாத பகுதிகள் நுரையீரலில் எத்தனை சதவீதம் என்ற அளவு அதில் கிடைக்கிறது. ஆஸ்துமாவிலும், கெட்டியான சளி குழாய்களை அடைக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸிலும் அது மிக உதவியானது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தைகளில் ஸ்பைரோமெட்ரி நார்மலாக இருக்கும்போதே அந்தக் காற்றுப் புகாத ஓட்டைகள் படத்தில் தெரியத் தொடங்கிவிடுகின்றன. கதிர்வீச்சு இல்லை என்பதால் குழந்தைகளிடம் திரும்பத் திரும்ப எடுக்கலாம்.

நமது 8 பேரின் கதைக்கு வேண்டிய சிவப்பணு விகிதம் அந்த ஒப்புதலில் இல்லை. இருக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரமும் அப்படியே போதாது. ஹைட்ரஜன் தவிர மற்ற அணுக்கருவையும் கேட்கும் மின்பகுதி, செனானுக்கென்று தனி ஏற்பி, வாயுவை அங்கேயே தயாரிக்கும் கருவி, அதை இயக்கத் தெரிந்தவர் எல்லாம் வேண்டும். தயாரித்த பை நெடுந்தூரம் பயணம் தாங்காது.

இதைவிட அவசரமான வேலை இன்னொன்று. ஒரு ஊரில் எடுத்த எண்ணை இன்னொரு ஊரில் எடுத்ததோடு ஒப்பிட முடிய வேண்டும். பை அளவு, துடிப்பின் வலு, மூச்சு பிடிக்கும் அளவு, கணக்கிடும் முறை என்று ஒவ்வொன்றிலும் குழுவுக்குக் குழு வேறுபாடு இருந்தது. பல மையங்கள் சேர்ந்து ஒரு பொது வழிமுறையை 2021ல் வெளியிட்டன. அதே வழிமுறையில் ஆரோக்கியமானவர்களை, வயது வாரியாக, ஆண் பெண் தனித்தனியாக, ஹீமோகுளோபின் அளவோடு சேர்த்து, போதிய எண்ணிக்கையில் அளந்து வைக்க வேண்டும். 19 வயதுக்காரரின் விகிதமும் 69 வயதுக்காரரின் விகிதமும் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற அந்த அட்டவணை கையில் இருந்தால்தான், அடுத்து மூச்சு வாங்குகிறது என்று வந்து படுப்பவரிடம் அவருடைய எண் குறைவா இல்லையா என்று சொல்ல முடியும்.